தொண்ணூற்றைந்து விழுக்காடு வெள்ளை

கூட்டத்துக்குச் சரியாக ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. இருட்டறையில் நானும் விளக்கும் பலகையும் மட்டும் இருந்தோம். திரையில் 95.06 என்று வந்தது.

வர வேண்டியது 99.02.

விளக்குதான் கெட்டிருக்கும் என்று அதை மாற்றினேன். புது விளக்கு சூடாக அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி அளந்தேன். 95.06. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த புதுப் பலகையையும் பழையதையும் இடம் மாற்றி வைத்தேன். 95.05. கதவிடுக்கில் வெளிச்சம் நுழைகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தேன். நுழையவில்லை. கதவை உள்ளே தாழிட்டு நான்காவது முறை அளந்தேன். 95.06.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

எங்கள் அலுவலகம் பூமியைப் படம் எடுக்கும் ஒரு செயற்கைக்கோளை நடத்துகிறது. இதுபோல் பதினொரு நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. ஒரு நாட்டின் வயலை இன்னொரு நாட்டின் செயற்கைக்கோள் பார்த்தால் அந்தப் படத்தை எல்லாரும் நம்ப வேண்டும். அதற்குப் பதினொரு கண்களும் ஒரே வெள்ளையை ஒரே அளவு வெள்ளையாகப் பார்க்க வேண்டும். அந்த அளவு எது என்று சொல்வதுதான் பலகை. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, சதுரம், மேல் விழும் வெளிச்சத்தில் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பீடு. ஒரு செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் நாங்கள் வறண்ட உப்பு ஏரியில் நிற்போம். முதலில் பலகையை அளப்போம், பிறகு தரையை. தரை எவ்வளவு வெளுப்பு என்று நாங்கள் சொல்வதும் மேலிருந்து செயற்கைக்கோள் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு விழுக்காடு வரை வித்தியாசம் பொறுத்துக்கொள்ளப்படும்.

பலகை தலைமையோடு பயணம் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு நாடு தலைமை வகிக்கும், அந்த நாட்டிடம் பலகை இருக்கும்; இப்போது எங்களிடம். தலைமை கைமாறும் கூட்டத்தில் பெட்டியும் கைமாறும். அதற்கு முன்னால் அதைச் சோதித்துச் சான்றிதழ் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகளில் ஆய்வகச் சோதனை அந்த ஒரு முறைதான்.

சோதிப்பதும் எழுதுவதும் கூட்டத்தில் அந்த எண்ணைச் சத்தமாகப் படிப்பதும் பலகைக் காப்பாளரின் வேலை. நான்தான் காப்பாளர். பதவியின் பெயர்தான் பெரிது. பெட்டியைத் தூக்குவேன், திறப்பேன், மூடுவேன், பலகையைத் தொடாமல் இருப்பேன். பேசாத பெண் தொடவும் மாட்டாள் என்று நினைத்துத்தான் என்னைப் போட்டிருப்பார்கள்.

நான் தொட்டேன்.

இருட்டறையில் அந்தப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு மஞ்சள் துணி நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். உப்பு ஏரியில் டிரைவர் அண்ணனும் நானும் மட்டும். பத்து நாற்பதுக்குச் செயற்கைக்கோள் கடக்க வேண்டும். பத்தேகாலுக்கு முக்காலியின் மேல் பலகையை மட்டமாக வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு பறவை அதன் நடுவில் எச்சமிட்டுவிட்டுப் போனது.

டிரைவர் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபது கிலோமீட்டருக்கு ஒண்ணுமே இல்லாத இடம். அதுக்கு உங்க தட்டுதான் கிடைச்சுதா சின்ன மேடம்!"

கையேட்டில் இதற்கும் விதி இருந்தது. கறை பட்டால் தொடாதே. அன்றைய அளவை ரத்து செய். பலகையை ஆய்வகத்துக்கு அனுப்பு. ரத்து செய்ய வேண்டுமென்றால் இயக்குநருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதுவரை அவரிடம் நான் மொத்தமே நான்கு வாக்கியம் பேசியிருந்தேன். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'சார், ஒரு பறவை வந்து...' அதற்கு மேல் வரவில்லை.

வேனில் தண்ணீர்க் குடம் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு இருந்தது. மஞ்சள் துணியும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் பலகை பளிச்சென்று ஆகிவிட்டது. பதிவேட்டில் 'சிறப்புக் குறிப்பு' என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். கையெழுத்துக்கூட நன்றாக வந்தது.

இப்போது கையேட்டின் பின்னிணைப்பை எடுத்துப் படித்தேன். இருபது மாதத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டிய பக்கம். பலகை நுண்துளைகள் நிறைந்த பொருள். சோப்பு துளைகளுக்குள் இறங்கும். முதல் இரண்டு மூன்று வெயிலிலேயே மங்கவைக்கும், பிறகு அந்த மங்கலிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது.

பலகை நான்கு விழுக்காடு மங்கல் என்றால், அதோடு ஒப்பிட்ட தரை நான்கு விழுக்காடு அதிக வெளுப்பாகத் தெரிந்திருக்கும். உண்மையைச் சொன்ன செயற்கைக்கோள்கள் எல்லாம் நான்கு விழுக்காடு பார்வை குறைந்தவையாகத் தெரிந்திருக்கும்.

எனக்குத் தசம அம்மா நினைவு வந்தது.

அவர் இன்னொரு நாட்டின் விண்வெளி நிறுவனத் தலைவர். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "இரண்டாம் தசமம்?" என்று கேட்பார். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். வரிசைப்படி இந்த வியாழக்கிழமை தலைமை அவருக்குப் போக வேண்டும். போகாது. அவர் செயற்கைக்கோள் தொடர்ந்து மூன்று ஒப்பீடுகளில் நான்கு விழுக்காடு குறைவாகக் காட்டியது. இப்படி வந்தால் வழக்கமாகக் கருவிக்கு வயதாகிவிட்டது என்று ஏற்றுக்கொண்டு எண்களைத் திருத்திக்கொள்வார்கள். அவர் மட்டும் "எங்கள் கருவி சரியாகத்தான் இருக்கிறது" என்று திருத்த மறுத்தார். மூன்று முறை ஒத்துப்போகாதவர் தலைமைக்கு வர முடியாது. வரிசையில் வருபவர் விழுந்தால் இருப்பவரே தொடர்வார். வியாழக்கிழமை நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, எங்கள் இயக்குநரின் தலைமையை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பது. ஏழாவது, தசம அம்மாவின் செயற்கைக்கோளைப் பட்டியலிலிருந்து எடுப்பது. எடுத்தால் அவர்கள் அரசு அதை அணைத்துவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அது நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள்தான் அதற்குக் கண் மங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மதியம் மூன்று மணிக்கு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை அறுபடாமல் ஒரே சுருளாக எடுப்பது அவர் பழக்கம்.

"வாம்மா. சான்றிதழ் ரெடியா?"

"தொண்ணூத்தஞ்சு வருது சார்."

"தொண்ணூத்தொம்பது."

"இல்ல சார். தொண்ணூத்தஞ்சு."

தோல் அறுந்தது. அவர் இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை தடவை அளந்தே?"

"நாலு."

"அஞ்சாவது தடவை அளக்காதே." எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஏன் இப்படி ஆச்சு? ஏதாவது தெரியுமா?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"தெரியல சார்."

அவர் தலையாட்டினார். ஏதோ முடிவுக்கு வந்தவர்போல மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் பதினொரு கோடுகள். பதினொன்றும் நேராக வந்து ஒரே இடத்தில் படியிறங்கி மறுபடி நேராகப் போயின.

ஒப்பீட்டு முடிவுகள் மூடிய உறையில்தான் போகும். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் முடிவு மட்டும். யார் கருவிக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பதை அடுத்தவருக்குக் காட்டுவது மரியாதை இல்லை என்பது கூட்டமைப்பின் பழைய வழக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் தலைவர் ஒருவர்தான்.

"பதினொரு பேருக்கு ஒரே வாரத்துல வயசாகுமா?" என்று அவரே கேட்டார்.

"சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்க வேண்டாம்னு உள்ள போட்டு வெச்சிருந்தேன்." சுளைகளைப் பிரித்தார், சாப்பிடவில்லை. "ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கருவிக்குத்தான் வயசாச்சுன்னு நினைச்சாங்க. வெளியில சொல்ல வெக்கம். திருத்திட்டுப் பேசாம இருந்துட்டாங்க. ஒருத்தராவது கேட்டா சோதிக்கலாம்னு காத்திட்டிருந்தேன்."

"யாருமே கேட்கலையா சார்?"

அவர் இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். தசம அம்மாவின் கடிதம். தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. மூன்றே வரி. 'எங்கள் கருவியை நான்கு வழிகளில் சோதித்துவிட்டோம். அது சரியாக இருக்கிறது. தயவுசெய்து ஒரு முறை உங்கள் பலகையைச் சோதியுங்கள்.'

"நம்ம பலகையையே சந்தேகப்படறாங்களேன்னு கோபம் வந்துச்சு. அன்னைக்கு உள்ள போட்டேன். அப்புறம் நாளாக ஆக எடுக்க முடியல." அவர் குரல் தாழ்ந்திருந்தது. என் நேர்காணலில் நான் பதில் சொல்லத் திணறியபோது "அவசரமில்லம்மா, தண்ணி குடி" என்று சொன்ன அதே குரல். "இப்ப நான் சொல்றதைக் கேளு. வியாழக்கிழமை நீ பழைய சான்றிதழைப் படி. 'கடைசியாகச் சான்றளிக்கப்பட்ட மதிப்பு தொண்ணூற்று ஒன்பது புள்ளி பூஜ்யம் இரண்டு.' அவ்வளவுதான். அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

"கூட்டம் முடிஞ்சதும் புதுப் பலகைக்கு மாறிடலாம். அடுத்த ஒப்பீட்டுல எல்லாருக்கும் கொஞ்சம் இளமை திரும்பின மாதிரி இருக்கும். யாரும் புகார் பண்ண மாட்டாங்க." சிரிக்கப் பார்த்தார்.

"அவங்க செயற்கைக்கோள் சார்?"

அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். கீழே வாகன நிறுத்தத்தில் டிரைவர் அண்ணன் வேனின் மேல் ஏறி நின்று கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ தொண்ணூத்தஞ்சுன்னு படிச்சாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பலகைக்கும் வயசாகும். எந்த நாள்லேர்ந்து கெட்டுதுன்னு காரணத்தோட சொன்னாத்தான் பழைய ஒப்பீடு ரத்தாகும். விதி அப்படி. அந்த நாள் யாருக்குத் தெரியும்?"

நான் பேசாமல் நின்றேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும், பேருந்து நிறையக் கூட்டம். இரண்டு நிறுத்தம் தள்ளி யாரோ இறங்கியபோது சேர்ந்து இறங்கி நடந்தேன்.

"இன்னைக்கும் கேட்கலையா?" என்றாள் அக்கா, என் செருப்பில் இருந்த தூசியைப் பார்த்துவிட்டு. அவள் செவிலி. அவள் வீட்டில்தான் நான் தங்கியிருக்கிறேன். சீருடையைக்கூட மாற்றாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உன்னைக் கல்யாணம் பண்ணிக்கறவன் பாவம். வீடு தீப்பிடிச்சா அவனுக்குக் கடிதாசுல எழுதித்தான் சொல்லுவே."

சிரிக்காமல் நின்றேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"என்னடி?"

பலகையைப் பற்றிச் சொன்னேன். பறவையைப் பற்றியும் சொன்னேன். இருபது மாதத்தில் முதல் முறையாக. சொல்லச் சொல்ல அவள் கண்கள் விரிந்தன.

"இரு, நான் சரியாப் புரிஞ்சிக்கிறேன். கெட்டுப்போன தெர்மாமீட்டர் ஒண்ணை வெச்சு வார்டுல இருந்த பதினொரு பேருக்கும் காய்ச்சல்னு எழுதிட்டீங்க. பத்துப் பேர் பேசாம மாத்திரை முழுங்கிட்டாங்க. ஒருத்தி மட்டும் எனக்குக் காய்ச்சல் இல்லன்னு சொன்னா. அவளைப் பைத்தியம்னு சொல்லி வெளியில அனுப்பப்போறீங்க."

"ஆமா."

"தெர்மாமீட்டரை உடைச்சது நீ."

"கழுவினேன்."

"சோப்புப் போட்டு!" வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "சொன்னா வேலை போயிடுமா?" என்றாள்.

"போகலாம்."

"சொல்லலைன்னா?"

"போகாது."

அவள் மறுபடி துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒரே தலையணை உறையை மூன்று முறை மடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி. ஆனா என்கிட்ட சொல்லிட்டேல்ல. வாய் இருக்குன்னு தெரியுது."

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விமான நிலையத்தில் தசம அம்மாவை அழைத்துவர என்னை அனுப்பினார்கள். இருபத்தேழு மணி நேரம் இருந்தது. வேனில் டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"என்ன சின்ன மேடம், தட்டுல மறுபடியும் பறவையா?"

தூக்கிவாரிப்போட்டது. "அண்ணா, அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எதை? அந்த எச்சத்தையா? எங்க வீட்ல சொன்னேன். பத்து நாள் சிரிச்சாங்க. ஏன், சொல்லக்கூடாதா?"

"இல்ல அண்ணா."

"கழுவினா போச்சு. இதுல என்ன இருக்கு?"

அவரைப் பொறுத்தவரை அது தட்டு. வெளியே பார்த்தேன்.

தசம அம்மா குள்ளமாக இருந்தார். நான் உயரமாக நினைத்து வைத்திருந்தேன். இழுத்துவந்த பெட்டியை டிரைவர் அண்ணனிடம் கொடுத்தவர், கையிலிருந்த மரப்பெட்டியைக் கொடுக்கவில்லை. வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டார். சதுரப் பெட்டி, பித்தளைக் கொக்கி. அளவைப் பார்த்ததும் எதற்கான பெட்டி என்று புரிந்தது.

அடுத்துத் தலைமைக்கு வரும் நாடு பலகையை எடுத்துப்போகத் தன் பெட்டியைத் தானே செய்துகொண்டு வர வேண்டும். அதுவும் வழக்கம்.

அவர் என் பார்வையைக் கவனித்துவிட்டார். "காலிதான்" என்று கொக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் மெத்தை, பலகையின் அளவுக்கு ஒரு பள்ளம். "ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சாச்சு, எங்க முறை வருதுன்னு. இப்ப எதுக்குன்னு கேட்காதீங்க. அலமாரியில வெச்சா தினம் பார்க்கணும். அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

டிரைவர் அண்ணன், "நல்ல வேலைப்பாடு மேடம்" என்றார்.

"எங்க தச்சர் ஒரு மில்லிமீட்டர் தப்பா வெட்டிட்டார். திருப்பிச் செய்ய வெச்சேன். என்னைப் பார்த்தாலே இப்ப ஓடறார்." சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் காப்பாளரா? ஏரியில நிக்கறது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"வெயில் கடுமையா?"

"ஆமா மேடம்."

"எங்க பசங்க ஒரு வருஷமாத் தூங்கல. எந்தத் திருகு தளர்ந்திருக்கும்னு தேடிக்கிட்டே இருக்காங்க. சின்னப் பொண்ணு ஒருத்தி, உங்க வயசிருக்கும், தான் எழுதின நிரல்லதான் தப்புன்னு நினைச்சு ராஜினாமா பண்ணிட்டா. வேண்டாம்னு சொன்னேன், கேட்கல." பெட்டியை மூடினார். "அவ நிரல்ல ஒரு தப்பும் இல்ல. நான் வரி வரியாப் படிச்சேன்."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் இரண்டு கைகளாலும் காலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், உள்ளே ஏதோ இருப்பதுபோல. விடுதி வந்தது. இறங்கும்போது "தேங்க்ஸ்மா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை இரண்டு மணி.

நீள்வட்ட மேசை, பதினொரு நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஒலிவாங்கி. பேச வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும், அப்போது சிவப்பு விளக்கு எரியும். மேசையின் ஓரத்தில் எனக்கும் ஒரு ஒலிவாங்கி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூட நான் அதை அழுத்தியதில்லை. முன்னால் பலகைப் பெட்டி. பெட்டியின் மேல் பழைய சான்றிதழ். என் மடியில் செவ்வாய்க்கிழமைத் தாள்.

எதிரே தசம அம்மா. அவர் காலிப் பெட்டியை மேசைமேல் வைத்திருந்தார். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

முதல் நான்கு விஷயங்கள் முடிந்தன. இந்த அறையில் சத்தமாகச் சொல்லப்பட்டது மட்டுமே குறிப்பேட்டில் ஏறும். குறிப்பு எழுதுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் பேனாவை உயர்த்துவார். அவர் உயர்த்திய பிறகுதான் அடுத்தது.

"ஐந்தாவது, பலகைச் சான்றிதழ்" என்றார் இயக்குநர். "காப்பாளர் வாசிப்பார்." என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையசைத்தார்.

பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. என் மூச்சுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"கடைசியாகச் சான்றளிக்கப்பட்ட மதிப்பு தொண்ணூற்று ஒன்பது..."

"இரண்டாம் தசமம்?" என்றார் தசம அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"புள்ளி பூஜ்யம் இரண்டு."

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். மரப்பெட்டியை மேசையிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். இயக்குநர் ஆறாவது தாளைப் புரட்டினார்.

என் விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். எடுக்க முடியவில்லை. அந்த ராஜினாமா செய்த பெண்ணின் விரல் எப்படி இருக்கும் என்று ஏனோ யோசித்தேன்.

"செவ்வாய்க்கிழமை அளந்த மதிப்பு" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது. "தொண்ணூற்றைந்து புள்ளி பூஜ்யம் ஆறு."

குறிப்பு எழுதுபவரின் பேனா நின்றது. பிறகு எழுதியது. பிறகு உயர்ந்தது.

எல்லாரும் மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. மேசையின் மறுகோடியில் ஒருவர் தன் கோப்பைத் திறந்தார், ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார், வெளிறிப்போனார்.

"எங்களுக்கு நாலு சதவீதம் இறங்கியிருந்தது" என்றார், வழக்கத்தை மீறி.

"எங்களுக்கும் நாலு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எங்களுக்கும்."

"நாலு."

"நாலுதான். நாங்க கருவிக்கு வயசாச்சுன்னு..."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே அறையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவர்கள் முதல் முறையாகப் பார்ப்பதுபோல். தசம அம்மாவின் இரண்டு கைகளும் மேசைமேல் அசையாமல் இருந்தன.

இயக்குநர் தன் பொத்தானை அழுத்தினார். முதல் முறை எரியவில்லை. இரண்டாவது முறை எரிந்தது.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருக்கணும். பலகைக்கும் வயசாகும். மெல்ல மெல்ல மங்கியிருக்கலாம். போன மாசம்கூட ஆரம்பிச்சிருக்கலாம். எந்த நாள்லேர்ந்துன்னு காரணத்தோட தெரியாதவரைக்கும் பழைய ஒப்பீடுகள் செல்லும். விதி எல்லாருக்கும் தெரியும். வருத்தம்தான். ஆனா நாள் தெரியாது." என்னைப் பார்க்காமல் சேர்த்தார்: "யாருக்கும் தெரியாது."

அவர் விளக்கு அணைந்தது.

தசம அம்மாவின் விளக்கு எரிந்தது.

"காப்பாளர்கிட்ட ஒரு கேள்வி" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேனில் வெயில் கடுமையா என்று கேட்ட அதே முகம். "ஏரியில நிக்கறது நீங்கதான். இது எந்த நாள்லேர்ந்துன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. இயக்குநரும் திரும்பினார். அவர் கண்ணில் கெஞ்சல் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவருக்கு உண்மையிலேயே இது தெரியாது. நான்தான் தெரியாது என்று சொல்லியிருந்தேன்.

கீழே பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் விரலை எடுக்கவே இல்லை.

"தெரியும் மேடம்" என்றேன். "இருபது மாசத்துக்கு முன்னாடி, பத்தொன்பதாம் தேதி. செவ்வாய்க்கிழமை. காலையில பத்தேகால்."

பேனா எழுதியது, உயர்ந்தது.

"பலகை மேல ஒரு பறவை எச்சம் போட்டுடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லாம சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."